எழுத வைப்பவன் தோழனே!

(தலைப்பு: நின்றுபோன எழுத்தை மீண்டும் நடக்க வைப்பது உள்ளத்தின் உறுதியா? நண்பர்களின் ஊக்கமா? 'நண்பர்களின் ஊக்கமே' என்ற அணியில் பேசியது.)

     

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டுட்டுப் போனாங்க. "எழுத்து உள்ளே இருந்து வரணும். பக்கத்து வீட்டுக்காரர் முதுகைத் தட்டிக் கொடுத்தா நாவல் வருமா? முதுகுவலிதான் வரும்" என்றார்கள். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். நல்ல நகைச்சுவையை எதிரணி சொன்னாலும் சிரிக்கணும், அதுதான் பட்டிமன்ற தர்மம். (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, சகோதரி சொன்னதில் பாதியை நான் இப்பவே ஒப்புக்கொள்கிறேன். உலையிலே அரிசி போட வேண்டியவன் எழுத்தாளன்தான். அந்த அரிசியை நண்பன் கொண்டுவந்து போட முடியாது. அடுப்பு பற்றவைத்ததும் அவனேதான். சரி. பாதிச் சோறு வெந்துகொண்டிருக்கும்போது விறகு ஈரமாகி அடுப்பு அணையப் போகுது. கண்ணெல்லாம் புகை. எழுதுகிறவன் "சீ, போ" என்று எழுந்து போகப் பார்க்கிறான். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊதாங்குழலை எடுத்து ஊதுகிறானே ஒருத்தன், அவன் யார்? அவன்தானய்யா நண்பன்! இன்றைய கேள்வி, சோறு யாருடையது என்பது இல்லை. அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது யார் என்பதுதான். (கைத்தட்டல்)

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளணும். கவிதை எழுதுகிறவருக்கு ஒரு நல்ல மாலைப்பொழுது போதும். சிறுகதைக்கு ஒரு வாரம், பத்து நாள். நாவல் அப்படியா? இரண்டு வருஷம், ஐந்து வருஷம், பத்து வருஷம். ஒருத்தர் வீடு கட்டுகிறார் என்று வையுங்கள். தெருவில் போகிறவன் எல்லாம் நின்று கேட்பான், "என்னங்க, லிண்டல் மட்டம் வந்துருச்சா? கான்கிரீட் எப்போ?" கட்டுகிறவருக்கு அதுவே ஒரு தெம்பு. நாவல் எழுதுகிறவனை யாராவது அப்படிக் கேட்கிறார்களா? அவன் கட்டுகிற வீடு யார் கண்ணுக்கும் தெரியாது. சம்பளம் கிடையாது, மேஸ்திரி கிடையாது, புதுமனைப் புகுவிழாவுக்கு நாள் கிடையாது. பாதியில் விட்டாலும் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால்தான் ஐயா, உலகத்திலேயே பாதியில் விடுவதற்கு மிகச் சுலபமான வேலை நாவல் எழுதுவது!

நட்புக்கு வள்ளுவப் பெருந்தகை ஓர் உவமை சொன்னார். உடுத்திய ஆடை நழுவுகிறபோது கை எப்படி ஓடிப்போய்ப் பிடிக்கிறதோ, அப்படித் துன்பத்தில் ஓடி வருவதுதான் நட்பு என்றார். நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரிந்த குறள். நான் அதிலே ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். ஆடை நழுவும்போது கை என்ன, கமிட்டி போட்டு யோசிக்கிறதா? "ஏன் நழுவினே?" என்று விசாரணை வைக்கிறதா? அரை மணி நேரம் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு ஆற்றுகிறதா? பிடிக்கிறது. அவ்வளவுதான்.

அப்படிப் பிடித்த ஒரு கையைச் சொல்கிறேன். ஆர்.கே. நாராயண் என்று ஒரு எழுத்தாளர். எழுதியது ஆங்கிலத்தில், பிறந்தது 1906-இல் நம் சென்னையில். புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். பிறகு மைசூருக்குப் போய்விட்டார். 1980-களில் தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' பார்த்தோமே, அந்தக் கதைகளை எழுதியவர். 1930-இல் பாட்டி நல்ல நாள் பார்த்துக் கொடுக்க, ஒரு நோட்டு வாங்கி முதல் நாவலின் முதல் வரியை எழுதினார். எழுதி முடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். போன கையெழுத்துப் பிரதி போன வேகத்தில் திரும்பி வந்தது. இன்னொரு பதிப்பகம், அங்கிருந்தும் திரும்பியது. மறுபடி ஒன்று, மறுபடியும் அதே கதை. சுவரில் அடித்த பந்து மாதிரி!

அவருக்கு மைசூரில் பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர். கிட்டு பூர்ணா என்று பெயர். அப்போது ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். மனம் வெறுத்துப்போன நாராயண் நண்பருக்கு என்ன எழுதினார் தெரியுமா? அந்தப் பிரதியில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று எழுதினார். எழுதினவனே சொல்லிட்டான், தண்ணியில போடுன்னு!

எதிரணியினரே, உங்கள் 'உள்ளத்தின் உறுதி' அந்த நிமிஷத்தில் எங்கேய்யா இருந்தது? அது கல்லைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தது! (கைத்தட்டல்)

பூர்ணா கல்லைத் தேடவில்லை. அந்தப் பிரதியைத் தூக்கிக்கொண்டு கிரஹாம் கிரீன் என்ற எழுத்தாளரிடம் போனார். கிரீனுக்கே அப்போது முப்பது வயதுதான் இருக்கும். படித்தார், பிடித்துப்போயிற்று, ஒரு பதிப்பகத்தாரிடம் பேசினார். 'சுவாமியும் நண்பர்களும்' 1935-இல் வெளிவந்தது. நூலின் பெயரைப் பாருங்கள், அதிலேயே நண்பர்கள்! அந்தப் பெயரைச் சொன்னவரும் கிரீன்தான். நாராயணின் நீண்ட பெயரைச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவரும் அவர்தான்.

கதை அதோடு முடியவில்லை. அந்த முதல் நாவல் விற்கவில்லை. வெளியிட்டவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கிரீன் விடவில்லை. 1937-இல் இரண்டாவது நாவல், வேறொரு பதிப்பகம். 1938-இல் மூன்றாவது நாவல், இன்னொரு பதிப்பகம். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று ஊரில் பெண் பார்த்த மாதிரி அலைந்திருக்கிறார் அந்த மனிதர். அப்புறம் 1939-இல் நாராயணின் மனைவி ராஜம் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். அடுத்த நாவல் வர 1945 ஆயிற்று. 1958-இல் 'தி கைட்', அதற்கு 1960-இல் சாகித்ய அகாதமி விருது.

இதில் உச்சம் எது தெரியுமா? நாராயணும் கிரீனும் முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது 1956-இல்தான். முதல் நாவல் வந்து 21 வருஷம் கழித்து! முகம் பார்க்காமலே கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நண்பர்களாக இருந்தார்கள் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறபோது பிள்ளைகள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கும், "ஐயா கதை விடுறாரு" என்று. இருபதாம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறதய்யா!

இப்போது எதிரணியிலிருந்து ஒரு கேள்வி வரும். "நண்பர்கள் என்றால் சும்மா புகழ்வார்கள். பொய்ப் புகழ்ச்சி எழுத்தைக் கெடுத்துவிடும்." நல்ல கேள்வி. நானும் அதையேதான் சொல்கிறேன். புகழ்ச்சி வேறு, ஊக்கம் வேறு. புகழ்வது ரொம்பச் சுலபம். செல்போனில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடலாம். படிக்கவே வேண்டாம்! ஊக்கம் கொடுக்கிறவன் முழுசாகப் படிக்கணும். குறை இருந்தால் சொல்லணும். சொல்லிவிட்டு, "சரி, அடுத்தது எங்கே?" என்று கேட்கணும்.

ஆக்ஸ்போர்டிலேயே இன்னொரு சோடி. டோல்கீன் என்று ஒரு பேராசிரியர். நம்ம மாதிரி மொழிப் பேராசிரியர். சொல்லாராய்ச்சி செய்கிறவர். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்று பிள்ளைகள் படம் பார்க்கிறார்களே, அந்தக் கதையை எழுதியவர். 1937 டிசம்பரில் தொடங்கினார். முடித்தது 1949-இல். பன்னிரண்டு வருஷம்! நடுவிலே உலகப் போர், வகுப்பு, விடைத்தாள். விடைத்தாள் திருத்துகிறவனுடைய வேதனை எனக்குத் தெரியும், நடுவருக்கும் தெரியும். (சிரிப்பு) கதை பல தடவை நின்றுபோயிற்று.

அவருக்கு சி.எஸ். லூயிஸ் என்று ஒரு நண்பர். எழுதியதை எல்லாம் அவரிடம்தான் வாசித்துக் காட்டுவார். வியாழக்கிழமை மாலைகளில் லூயிஸின் அறையில் நண்பர்கள் கூடுவார்கள், அங்கேயும் வாசிப்பார். லூயிஸ் கேட்பார், குறை பட்டால் முகத்துக்கு நேரே சொல்வார், அடுத்த பகுதி வேண்டும் என்பார். 1944-இல், கிடப்பில் கிடந்த கதையை டோல்கீன் மறுபடி கையில் எடுத்தபோதும், அத்தியாயம் அத்தியாயமாக உட்கார்ந்து கேட்டவர் அவர்தான். நூல் 1954, 55-இல் மூன்று பாகமாக வந்தது. லூயிஸ் 1963-இல் மறைந்த பிறகு டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதினார்: தான் லூயிஸுக்குப் பட்ட கடன் வழக்கமாகச் சொல்கிற 'தாக்கம்' அல்ல, வெறும் ஊக்கம்தான் கொடுத்தார், அந்தக் கடனைத் தன்னால் திருப்பித் தரவே முடியாது என்ற பொருளில் எழுதினார். எழுதியவரே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், நடுவர் அவர்களே. இதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி எதற்கு?

"பெரிய மனுஷங்க கதை எல்லாம் சரி, நம்ம ஊர்ல நடக்குமா?" என்று அங்கே ஒரு பெரியவர் தலையை ஆட்டுகிறார். நடக்கும் ஐயா, சொல்கிறேன்.

எங்கள் தெருவில் எனக்கு மூத்தவர் ஒருவர். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தான் பிறந்த தறிக்காரத் தெருவைப் பற்றி ஒரு நாவல் எழுத ஆரம்பித்தார். பதினோரு அத்தியாயம். ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். இரண்டே வரிக் கடிதத்தோடு திரும்பி வந்தது. மனுஷன் நோட்டுகளை எல்லாம் நூல் கயிற்றால் கட்டிப் பரண் மேலே போட்டுவிட்டார்.

நான் போய்க் கேட்டபோது சொன்னார், "தம்பி, விசைத்தறி வந்தப்பவே எங்க தெருச் சத்தம் நின்னுபோச்சு. நின்னுபோன சத்தத்தை இனிமே யாரு கேட்கப் போறா?"

நான் அவருக்கு உபதேசம் பண்ணவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும்ணே. பதினோராவது அத்தியாயத்துல அந்தக் கிழவி, தறியை விக்கிறதா வேண்டாமான்னு ராத்திரி பூரா திண்ணையில உட்கார்ந்திருந்தாளே, கடைசியில வித்தாளா, விக்கலையா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், "விக்கலை தம்பி."

"ஏன்?"

அந்த 'ஏன்'-க்கு ஒரு மணி நேரம் பேசினார். கிழவியின் புருஷன் செய்த தறி அது, குழித்தறியின் பள்ளத்தில் அவன் கால் வைத்த இடம் வழவழவென்று தேய்ந்திருக்கும், அந்த இடத்தை விற்க அவளுக்கு மனசு வரவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "அண்ணே, இப்பச் சொன்னதை அப்படியே எழுதிடுங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில வர்றேன். காப்பி நீங்க கொடுங்க, கதையும் நீங்க கொடுங்க" என்றேன். நோட்டைப் பரணிலிருந்து இறக்கினோம். அண்ணி உள்ளே இருந்து குரல் கொடுத்தார்கள், "ஏறினதுதான் ஏறினீங்க, அந்தப் பெரிய அண்டாவையும் சேர்த்து இறக்கியிருக்கலாம்ல!" (சிரிப்பு)

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே எனக்குச் சொன்னார். "தம்பி, நெய்யும்போது பாவுல இழை அறுந்துபோகும். அறுந்துச்சேன்னு எங்கப்பா தறியை விட்டு எந்திரிச்சுப் போனதில்லை. அறுந்த நுனியைத் தேடிப் பிடிச்சு முடிச்சுப் போட்டுட்டு அடுத்த இழை ஓட்டுவார். எனக்கு அறுந்த நுனி எங்கேன்னே தெரியலை. நீங்க அந்தக் கிழவியைக் கேட்டீங்க பாருங்க, நுனி கையில கிடைச்சுருச்சு."

இதுதான் நடுவர் அவர்களே, நான் சொல்ல வந்தது. சோர்ந்துபோன எழுத்தாளனிடம் "நீ பெரிய ஆளா வருவே" என்று சொன்னால் அவன் நம்ப மாட்டான். நம்புகிற நிலைமையில் அவன் இல்லை. அவன் கதையில் வருகிற ஆளைப் பற்றிக் கேளுங்கள். "அவளுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குள்ளே எல்லாம் இருக்கிறது. நான் படித்தேன், எனக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு மேலே தெரியணும், காத்திருக்கிறேன் என்ற நாலும் அதற்குள் இருக்கிறது. அண்ணன் இப்போது பத்தொன்பதாவது அத்தியாயத்தில் இருக்கிறார். நாவல் இன்னும் முடியவில்லை. அச்சில் எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் நோட்டு பரண் மேல் இல்லை, மேஜை மேல் இருக்கிறது. (கைத்தட்டல்)

தாய்மார்களுக்காக ஒன்று சொல்லணும். நியூயார்க்கில் ஹார்ப்பர் லீ என்று ஒரு பெண். விமானக் கம்பெனியில் டிக்கெட் பதிவு செய்கிற வேலை. மிச்ச நேரத்தில் எழுத்து. 1956 கிறிஸ்துமஸ் அன்று நண்பர்களான ஒரு தம்பதி அவருக்கு ஒரு உறை கொடுத்தார்கள். உள்ளே, ஒரு வருஷம் வேலைக்குப் போக வேண்டாம், உனக்கு விருப்பமானதை எழுது, செலவு எங்களுடையது என்று செய்தி. அந்த நண்பர்கள் கொடுத்தது நேரம்! 1960-இல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வெளிவந்தது. 1961-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

நம் வீடுகளில் எழுத ஆசைப்படுகிற பெண்கள் எத்தனை பேர்! பிள்ளைக்கு டிபன் கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, துணி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் ராத்திரி பதினொரு மணி. பேனாவைத் திறந்தால் தூக்கம் வருகிறது. அவர்களுக்கு ஒரு வருஷச் சம்பளம் கொடுக்க நம்மால் முடியாமல் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் அடுப்படியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் எழுது என்று சொல்ல முடியுமா, முடியாதா? கணவனும் ஒரு நண்பன்தானய்யா! சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடலாம். கூடட்டும், ஒரு நாவல் பிழைக்கும்! (சிரிப்பு, கைத்தட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஐயா, கனமான ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜான் கென்னடி டூல் என்று ஓர் இளைஞர். ஒரு நாவல் எழுதினார். ஒரு பதிப்பகத்தோடு கடிதம் கடிதமாகப் போயிற்று. இதை மாற்று, அதைத் திருத்து என்றார்கள். கடைசியில் அச்சாகவில்லை. அவர் அதை ஒதுக்கி வைத்துவிட்டார். 1969-இல், 31 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். காரணம் இதுதான் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஒரு மனித மனத்தின் துயரத்துக்குள் எத்தனையோ இருக்கும். ஆனால் அந்தக் கையெழுத்துப் பிரதி வீட்டிலேயே கிடந்தது. அவருடைய தாய் அதை எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைந்தார். வாக்கர் பெர்சி என்ற எழுத்தாளரை விடாமல் தேடிப்போய்ப் படிக்க வைத்தார். 1980-இல் நாவல் வந்தது. 1981-இல் அதற்கும் புலிட்சர் பரிசு.

எதிரணியினரே, நல்ல எழுத்து தானாக நிலைக்கும் என்றீர்களே, அது தானாக நிலைக்கவில்லை. ஒரு தாய் சுமந்தாள், ஓர் எழுத்தாளர் படித்தார், அதனால் நிலைத்தது. ஆனால் எழுதியவன் அதைப் பார்க்க இல்லை. பரிசு அதே பரிசுதான். வாங்கிக்கொள்ளக் கை இல்லை. நண்பனுடைய ஊக்கத்துக்கு நாள் கணக்கு உண்டு ஐயா. ஆள் இருக்கும்போது கொடுக்கணும். பதினோரு வருஷம் கழித்துக் கொடுத்தால் அது அஞ்சலி.

உறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உறுதி உடையவனுக்கும் ஒருநாள் கை தளரும். அந்த ஒருநாளில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நாவல் நூலகத்துக்குப் போகிறதா, பரணுக்குப் போகிறதா என்பது முடிவாகிறது. ஆகவே நடுவர் அவர்களே, நின்றுபோன எழுத்தை மீண்டும் நடக்க வைப்பது நண்பர்களின் ஊக்கமே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள்.

தீர்ப்பை அவர் பார்த்துக்கொள்வார். உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார், இப்போது நிறுத்திவிட்டார். அந்த முகம் இப்போது உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவரைக் கூப்பிடுங்கள். சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, "உங்க கதையில அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். பதில் வரும் வரைக்கும் போனை வைத்துவிடாதீர்கள்.